வானம் முக்கால், மண் கால்

லைட்ஹவுஸ் குப்பத்தில் தூரிகையோடு வந்து உட்காரும் ஓவியருக்கு முதல் தலைவலி, எதை வரைவது என்பதுதான். மலை கிடையாது, அருவி கிடையாது, காலண்டர் படத்தில் வருகிற எதுவுமே கிடையாது. மேற்கே பழவேற்காடு ஏரி, கிழக்கே வங்கக் கடல், நடுவில் நீளவாக்கில் ஒரு மணல் திட்டு. அதன்மேல் சவுக்குத் தோப்பு, வீடுகள், காய்கிற வலைகள், கரையேற்றிய ஃபைபர் படகுகள். ஊருக்குப் பெயர் கொடுத்த கலங்கரை விளக்கம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மற்றதெல்லாம் படுத்துக் கிடக்கிறது.

இங்கே தாளை விரித்தால் முக்கால் பங்கு வானமாகவே போய்விடும். மிஞ்சிய கால் பங்கில் ஏரியையும் மணலையும் மனிதர்களையும் அடக்கியாக வேண்டும்.

இதே சிக்கலை நானூறு ஆண்டுகளுக்கு முன்பு டச்சுக்காரர்கள் தங்கள் நாட்டில் சமாளித்தார்கள். ஹாலந்தும் தட்டையான மண், தேங்கிய நீர், பரந்த வானம் கொண்ட நாடு. யான் வான் கோயன், யாக்கோப் வான் ராய்ஸ்டால் போன்ற 17ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் அடிவானக் கோட்டைப் படத்தின் அடிப்பகுதிக்கு இறக்கிவிட்டு, மேலே மேகங்களுக்குத் தாராளமாக இடம் கொடுத்தார்கள். அதுவரை சாமி படத்துக்கும் ராஜா படத்துக்கும் பின்னணியாக இருந்த நிலம், அவர்கள் காலத்தில் தானே கதாநாயகனாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டுகளில் அதே டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் குடியிருந்தது. 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக இந்த ஊரைத்தான் வைத்திருந்தார்கள். இங்கே வந்தவர்களுக்குக் குறி துணி. சோழமண்டலக் கரையில் வண்ணம் தீட்டிய, சாயமேற்றிய பருத்தித் துணிகளை வாங்கிக் கப்பலேற்றி, ஜாவாவிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

வியாபாரிக்கு ஒரு கரையில் வேலை முடிந்தால் போதும், கிளம்பிவிடுவார். ஓவியர் அப்படிக் கிளம்ப முடியாது. நிலக்காட்சி வரைகிறவருக்கு வண்ணத்துக்கும் தூரிகைக்கும் முன்னால் தேவைப்படுவது நேரம். ஒரே இடத்தில், எந்தப் பயனும் கண்ணுக்குத் தெரியாமல், மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற நேரம். அந்த நேரத்துக்கு யார் சோறு போடுவது? நம் ஊர் ஓவியர்கள் பலருடைய வாழ்க்கையைத் தோண்டினால் இந்தக் கேள்விதான் அடியில் கிடக்கிறது. சென்னைக்கு வடக்கே உள்ள இந்தக் கரையில் அதற்கு யாரும் பெரிய பதில் கண்டுபிடிக்கவில்லை. தெற்கே இருக்கும் கரையில் ஒருவர் கண்டுபிடித்தார்.

அவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். வளர்ந்தது கேரளத்தில் பொன்னானிப் பக்கம். அங்கே வெளியங்கோடு என்ற கிராமம். கடலை ஒட்டி ஒரு கால்வாய், கரை நெடுகத் தென்னை, நீரில் சரக்குத் தோணிகள். பழவேற்காட்டின் ஓரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுவதுபோல அங்கே கனோலி கால்வாய். இரண்டும் வெள்ளைக்காரர் காலத்து நீர்வழிகள். பன்னிரண்டு வயதிலேயே பையன் அந்தக் கால்வாய்க்கரையை நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கிவிட்டான். பதினேழு வயதில் மெட்ராஸ் நுண்கலைச் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சியில் அவனுடைய படங்கள் இடம்பெற்றன.

கதையை இங்கிருந்து நேராக ‘புகழ்பெற்ற ஓவியர்’ என்று தாண்டிப் போய்விடலாம். பல கட்டுரைகள் அப்படித்தான் தாண்டுகின்றன. ஆனால் நடுவில் ஒரு தந்தி அலுவலகம் இருக்கிறது. தந்தை இறந்துபோக, படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்துக்காகத் தந்தித் துறையில் வேலைக்குச் சேர்ந்தார் பணிக்கர். மெட்ராஸ் அரசு கலைத்தொழில் பள்ளியில் மாணவராக நுழைந்தது 1936இல், இருபத்தைந்து வயதில். உடன் படித்தவர்களில் பலர் அவரைவிடச் சின்னப் பையன்களாக இருந்திருப்பார்கள். அப்போது பள்ளியின் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். 1940இல் படிப்பை முடித்த பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பிறகு அதே பள்ளிக்கு முதல்வராகவும் ஆனார்.

இந்தக் காலத்துப் படங்களில் தென்னையும் கால்வாயும் மரப்பாலமும் விடாமல் வருகின்றன. பச்சை ஓங்கிய படங்கள். ஆங்கிலேய நீர்வண்ண மரபின் சாயல் அவற்றில் உண்டு. வெயில் நம்மூர் வெயில்.

நீர்வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பார்ப்பதற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமாச்சாரம் மாதிரி இருக்கும். உண்மையில் மன்னிக்கவே தெரியாத ஊடகம் அது. எண்ணெய் வண்ணத்தில் தவறினால் மேலே இன்னொரு பூச்சு பூசி மறைக்கலாம். நீர்வண்ணம் கண்ணாடி மாதிரி. அடியில் இருப்பது மேலே தெரியும். வானம் தீட்டுவதையே எடுத்துக்கொள்வோம். பலகையைச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். அகலத் தூரிகையில் நிறைய நீரோடு வண்ணத்தை எடுத்துத் தாளின் மேல் விளிம்பில் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. அந்தப் பட்டையின் அடியில் வண்ண நீர் ஒரு வரம்பாகத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்த வரம்பைத் தொட்டு வாங்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டும். அடுத்ததும் அப்படியே. இடையில் யாராவது கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. வரம்பு காய்ந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். வானத்தில் விழுந்த கோட்டை அப்புறம் எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது.

இன்னொரு கஷ்டம் வெள்ளை. மரபான நீர்வண்ணத்தில் வெள்ளைச் சாயத்தைத் தொடுவதில்லை. தாளின் வெள்ளைதான் வெள்ளை. படகின் விளிம்பில் பளிச்சிடும் வெயில், அலையின் நுரை, குளிர்காலத்தில் ஏரிக்கு வந்து நிற்கும் பூநாரையின் முதுகு எல்லாமே தீட்டாமல் விட்டுவைத்த இடங்கள். எங்கே கை வைக்கக் கூடாது என்பதை ஓவியர் முதல் சொட்டு வண்ணம் விழும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

பழவேற்காட்டு ஏரி இந்த வகையில் பொல்லாத ஏரி. சுற்றுலா விளம்பரத்தில் நீலமாக இருக்கும். நேரில் நீலம் அபூர்வம். பெரும்பாலான இடங்களில் ஆள் இறங்கி நின்றால் இடுப்பளவுதான் ஆழம். அடி மணலும் சேறும் நீரின் நிறத்தில் கலந்துவிடுகின்றன. ஆரணி ஆற்றில் மழை வெள்ளம் வந்தால் செம்மண் பழுப்பு. கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக் குறுகும்போது பாசிப் பச்சை. பொழுது சாயும்போது வானத்தின் நிறத்தை வாங்கிக்கொண்டு ஈயம், செம்பு, சாம்பல் என்று மாறிக்கொண்டே போகும். நீலப் புட்டியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலைக்காகாது. கோபால்ட் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து சாம்பலை உண்டாக்கி, அதில் எள்ளளவு மஞ்சள் காவி சேர்த்தால் ஓரளவு பக்கத்தில் போகலாம். தை மாதக் காலையில் ஈரக்காற்றில் தாள் காயவே காயாது. சித்திரை மதியத்தில் தூரிகை தாளைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. இங்கிலாந்தின் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ஸ்டெட் மேட்டில் உட்கார்ந்து மேகங்களை மட்டுமே வரைந்து தள்ளினார். பல படங்களின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். காற்றுத் திசை ஓவியருக்கு எதற்கு? கான்ஸ்டபிள் மாவு மில்காரர் மகன். காற்றாலை வைத்திருந்த குடும்பம். அப்பாவின் ஆலையில் வேலை பார்த்தபோது வானத்தைப் படிப்பது அவருக்குத் தொழிலாக இருந்தது. அந்தத் தொழில் கண்தான் பிறகு ஓவியக் கண்ணானது.

அந்தக் கண் லைட்ஹவுஸ் குப்பத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வாடைக் காற்றா, கொண்டலா, கச்சானா என்று பார்க்காமல் யாரும் படகைத் தள்ளுவதில்லை. நீர் கலங்கியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா என்பதைக் கரையில் நின்றே சொல்வார்கள். அதை வைத்துத்தான் எந்த வலை என்று முடிவாகும். ஏரிக்குள் எந்தத் துண்டில் இறால் படும் என்பதும் அத்துப்படி. பழவேற்காட்டில் ‘பாடு’ என்றொரு முறை பல தலைமுறைகளாக இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் ஏரியின் நல்ல இடங்களை முறைவைத்துப் பங்கிட்டு மீன் பிடிக்கிறார்கள். எது நல்ல இடம், எது சுமார் என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் இப்படிப் பங்கு பிரிக்க முடியும். ஏரியின் வரைபடம் தாளில் இல்லாவிட்டாலும் ஆட்களிடம் இருக்கிறது.

தமிழ் இலக்கணக்காரர்களும் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். தொல்காப்பியம் திணைகளுக்கு நிலத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்கவில்லை. பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்கு நள்ளிரவு, முல்லைக்கு மாலை, மருதத்துக்கு விடியல், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்குப் பொழுது சாயும் எற்பாடு. கடற்கரையை எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று விதி செய்து வைத்தவர்களின் பரம்பரையில், நிலத்தை மட்டுமே பொருளாகக் கொண்ட ஓவிய மரபு தனியாகக் கிளைக்கவில்லை என்பது ஆச்சரியம்தான். கோயில் சுவரிலும் தஞ்சாவூர்ப் படத்திலும் மரமும் குளமும் உண்டு, கடவுளுக்குப் பின்னணியாக. தமிழ்நாட்டு நிலத்தை நிலமாக வரைந்து அச்சிட்டு ஊருக்கெல்லாம் காட்டியவர்களில் முக்கியமானவர்கள் வெளியூர்க்காரர்கள். தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் இருவரும் 1792, 1793இல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றி மாமல்லபுரம், மதுரை, குற்றாலம் என்று வரைந்து எடுத்துப் போனார்கள். அருமையான படங்கள். ஆனாலும் அவை வழிப்போக்கர் பார்வை. ஓர் ஊரில் சில நாள், அப்புறம் அடுத்த முகாம்.

பணிக்கருக்குத் திரும்புவோம். 1954இல் அவர் லண்டனில் கண்காட்சி வைத்தார். ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தார். போனவருக்கு அங்கே ஒரு சங்கடம் உண்டாயிற்று. நீர்வண்ண நிலக்காட்சியில் தான் எவ்வளவு தேறினாலும் அது அவர்கள் மொழியில் தேறுவதுதானே என்ற சங்கடம். திரும்பி வந்தவரின் படங்களில் கால்வாயும் தென்னையும் மெல்லக் கரைந்தன. முதலில் ‘தோட்டம்’ வரிசைப் படங்கள்; அவற்றில் மரங்களும் உருவங்களும் தட்டையாகி ஒரு பரப்பாகப் பின்னிக்கொண்டன. 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை பிறந்தது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் பார்த்த எண்களும் கோடுகளும் அதற்கு வித்து என்பார்கள். ஜாதகக் கட்டம், ஓலைச்சுவடிக் கிறுக்கல், வாசிக்க முடியாத எழுத்து வரிகள், இடையிடையே ஒரு மீன், ஒரு பறவை. அடிவானம் என்ற ஒன்றே இல்லாமல் போயிற்று.

இது இயற்கையை விட்டு விலகிய பாதை என்று சொல்கிறவர்கள் உண்டு. முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. காரணம் அவர் அடுத்துச் செய்த காரியம். கான்வாஸிலிருந்து கரையை நீக்கியவர், வாழ்க்கைக்கு அந்தக் கரையையே தேர்ந்தெடுத்தார்.

கலைப்பள்ளியில் படித்து வெளியே வந்த மாணவர்கள் ஒன்றிரண்டு வருடம் வரைந்துவிட்டுப் பிறகு விளம்பர நிறுவனத்திலோ துணி ஆலையிலோ வேலைக்குப் போய்க் காணாமல் போவதை முதல்வராக இருந்த பணிக்கர் பார்த்துக்கொண்டிருந்தார். படம் விற்றுப் பிழைக்கிற நிலைமை அன்றைய மெட்ராஸில் இல்லை. அதற்குப் பணிக்கரும் மாணவர்களும் கண்டுபிடித்த வழி கைவினை. துணியில் மெழுகு எழுதிச் சாயமேற்றும் பாட்டிக், தோல் வேலை, உலோக வேலை என்று செய்து கூட்டாக விற்பது. நாளில் ஒரு பகுதி அதற்கு, மிச்ச நேரம் சொந்த ஓவியத்துக்கு. சேர்ந்த பணத்தில் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். முப்பது பேருக்குச் சற்று முன்பின். சவுக்கும் மணலுமாகக் கிடந்த இடம். ஓலைக் குடிசைகள் போட்டுக் குடியேறினார்கள். பெயர் சோழமண்டல் ஓவியர் கிராமம். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கப்பலேற்றிய துணிகள் ஜாவாவின் பாட்டிக் கலைக்கு ஊட்டம் கொடுத்தன என்பார்கள் துணி வரலாறு எழுதுகிறவர்கள். அந்த ஜாவாக் கலை முந்நூறு வருடம் கழித்து அதே சோழமண்டலக் கரையில் ஓவியர்களுக்கு வீட்டுமனை வாங்கிக் கொடுத்தது.

ஓவியர்கள் குழுவாகக் கிராமத்தில் குடியேறுவது உலகத்துக்குப் புதிதல்ல. பாரிஸுக்குப் பக்கத்தில் பார்பிசான் கிராமம் 1830களிலிருந்து அப்படி இருந்தது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கி எடுக்கும் தகரக் குழாயில் வண்ணத்தை அடைத்துக் கொடுத்த பிறகு, வெளியில் போய் எண்ணெய் வண்ணம் தீட்டுவது சுலபமாயிற்று. ஓவியர்கள் வயலுக்கும் ஆற்றங்கரைக்கும் படையெடுத்தார்கள். ஆனால் பார்பிசான் ஓவியர்கள் பெரும்பாலும் விடுதியிலும் வாடகை வீட்டிலும் தங்கினார்கள். சொந்த உழைப்பில் நிலம் வாங்கி, அரசு மானியத்தையோ ஜமீன்தார் தயவையோ எதிர்பார்க்காமல் நின்றது சோழமண்டலின் தனிச்சிறப்பு. ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, கே.வி. ஹரிதாசன், பணிக்கரின் மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் என்று அங்கிருந்து எழுந்தவர்கள் பலர். அவர்களில் வி. விஸ்வநாதன் பாரிஸ் போய்த் தங்கினார். போன பிறகும் கரை விடவில்லை. இந்தியக் கடற்கரையைச் சுற்றி மணல் சேகரித்தார். மணலைப் பற்றி ஒரு படமே எடுத்தார்.

பணிக்கர் 1977 ஜனவரியில் காலமானார். அவருடைய படங்களுக்கென்று திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் தனிக்கூடம் இருக்கிறது. சோழமண்டலில் 2009இல் மெட்ராஸ் கலை இயக்கத்துக்கான அருங்காட்சியகம் திறந்தார்கள்.

சோழமண்டல் எல்லாருக்கும் வாய்க்கவில்லை. அச்சுதன் கூடல்லூர் 1945இல் பாரதப்புழைக் கரையில் பிறந்தவர், எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் ஊரான அதே கூடல்லூர். சிவில் இன்ஜினியரிங் டிப்ளமா படித்து, சென்னைக்கு வந்து, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார். சாயங்காலம் கலைக்கல்லூரி வளாகத்தில் இயங்கிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் ஓவியம் பழகினார். 1988இல் தேசிய விருது. அவருடைய படங்களில் ஆறும் இல்லை, மரமும் இல்லை. வெறும் நிறங்கள்தான் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும். மழைக்கால ஆற்றங்கரையில் வளர்ந்த ஒருவர் தீட்டியது என்று சொன்னால் நம்பும்படியான நிறங்கள். 2022 ஜூலையில் மறைந்தார்.

அதே ஆண்டு டிசம்பரில் மனோகர் தேவதாஸ் மறைந்தார். அவர் கதை இதற்கு நேர் எதிர். 1936இல் மதுரையில் பிறந்து, சென்னையில் பேட்டரி நிறுவனம் ஒன்றில் வேதியியலாளராக வேலை பார்த்தவர். கலைப்பள்ளி வாசலை மிதிக்காமல், மைப்பேனாவால் மதுரையை வரைந்தார். யானைமலையும் அதன் அடியில் வயல்களும், வைகை, கிணற்றடி, தெப்பக்குளம், கோபுரங்கள். சிறுவயதில் நண்பர்களோடு குதித்து நீந்திய ஒரு கிணறு அவருடைய ‘கிரீன் வெல் இயர்ஸ்’ நாவலுக்குப் பெயரே கொடுத்தது. படங்களும் அவரே. ‘மல்டிபிள் ஃபேசட்ஸ் ஆஃப் மை மதுரை’ 2007இல் வந்தது. இதெல்லாம் சாதாரணக் கண்ணோடு செய்த வேலை அல்ல. விழித்திரை சிறுகச் சிறுகச் சிதைந்து, பார்வை சுற்றிலுமிருந்து குறுகிக்கொண்டே வரும் பரம்பரை நோய் அவருக்கு. கனத்த உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகத் தாளில் ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும். அந்த வட்டத்துக்குள் கோடு போட்டு, நகர்த்தி, அடுத்த வட்டம். முழுப் படத்தையும் ஒரே பார்வையில் அவரால் பார்க்க முடியாது. தொலைவையும் கோணத்தையும் கணக்குப் போட்டு, நினைவிலிருந்து எடுத்து, புல்லைப் புல்லாக வரைந்தார். 1972இல் கார் விபத்தில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த மனைவி மஹிமாவைப் பார்த்துக்கொண்டே இதைச் செய்தார். படங்களை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு, வந்த பணத்தைக் கண் சிகிச்சைக்கும் பிற அறக்காரியங்களுக்கும் கொடுத்தார்கள். 2020இல் பத்மஸ்ரீ.

தந்தி குமாஸ்தா, பொதுப்பணித் துறை ஊழியர், பேட்டரி வேதியியலாளர். மூவரும் வேறு வேலையில் சம்பளம் வாங்கியவர்கள். இயற்கையோடு ஒன்றுவது பற்றி ஓவியர்களிடம் பேசும்போது இந்தப் பக்கத்தை யாரும் கேட்பதில்லை. இயற்கை இலவசம், அதன் முன் உட்காரும் நேரம்தான் விலை. அந்த விலையை ஒருவர் மாலை வேளைகளில் கொடுத்தார், ஒருவர் கண்ணில் கொடுத்தார், ஒருவர் பாட்டிக் துணியில் கொடுத்தார்.

லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளைக்கு இந்த விலை இன்னும் கூடுதல். கடலுக்குப் போகும் வீட்டில், பையன் படம் வரைந்துகொண்டு உட்கார்ந்தால் ஒரு ஆள் கை குறைகிறது; பெண் உட்கார்ந்தால் மீன் கூடையும் அடுப்பும் காத்திருக்கின்றன. பள்ளியில் ஓவிய வகுப்பு என்பது பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியரை நம்பியிருக்கிறது. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் நியமித்தார்கள். பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் பல வருடம் போராட வேண்டியிருந்தது. ஓவியம் சொல்லிக்கொடுப்பவரே கால் வயிற்றுக் கணக்கில் இருந்தால், கற்றுக்கொள்கிற பிள்ளையின் அப்பாவிடம் என்ன சொல்லி நம்பவைப்பது?

இந்தக் கரையை இப்போதே வரைந்து வைக்க வேண்டிய அவசரமும் இருக்கிறது. காட்சியே மாறிக்கொண்டிருக்கிறது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். காட்டுப்பள்ளியை 6,000 ஏக்கருக்கும் மேல் விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறார்கள். கரை அரிக்கும், முகத்துவாரம் பாழாகும் என்பது அவர்கள் அச்சம். கரையின் காட்சி மாறிப்போவதற்கு ஈஞ்சம்பாக்கமே கண்முன் உள்ள உதாரணம். பணிக்கரும் மாணவர்களும் குடியேறிய மணல் காடு இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் மதில் சுவர்களுக்கும் உணவகங்களுக்கும் நடுவில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அந்தக் கரை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இனி பழைய ஓவியங்களையும் புகைப்படங்களையும்தான் தேட வேண்டும். பழவேற்காட்டை அதற்குள் யாராவது உட்கார்ந்து வரைந்து வைத்தால் நல்லது. அந்த யாராவது, வாடைக் காற்றுக்கும் கொண்டலுக்கும் வித்தியாசம் தெரிந்த ஆளாக இருந்தால் இன்னும் நல்லது.

சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதமியின் மண்டல மையம் இருக்கிறது. தமிழக அரசின் ஓவிய நுண்கலைக் குழு இருக்கிறது. ஓவிய முகாம் என்றால் மலைவாசஸ்தலமும் கோயில் நகரமும்தான் நினைவுக்கு வர வேண்டும் என்பதில்லை. பழவேற்காட்டில் ஒரு முகாம் நடத்தி, குப்பத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல தாளும் வண்ணமும் கையில் கொடுத்து, ஓவியர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் ஆகும் செலவு பெரிதல்ல.

அதுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாத பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு தகவல். பணிக்கர் படித்த பள்ளி இன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி. கும்பகோணத்தில் இன்னொன்று இருக்கிறது. பிளஸ் டூ முடித்திருக்க வேண்டும். நுழைவுத் தேர்வு உண்டு. நான்கு வருடப் பட்டப்படிப்பு. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பாலம் தாண்டிப் பழவேற்காடு வந்து, பஸ் பிடித்துப் பொன்னேரி போனால், கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில் சென்ட்ரலில் இறக்கிவிடும். கல்லூரி பூந்தமல்லி நெடுஞ்சாலையில், பெரியமேட்டில் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.